சிங்கராஜ வனத்தில் இலங்கைச் சுண்டங்கோழி: எங்கே, எப்படிக் காத்திருப்பது?

குறிஞ்சிமுகில்: இலங்கைச் சுண்டங்கோழியைப் (புதருக்குள் தரையில் திரியும் கோழியினப் பறவை) பார்க்க, பிப்ரவரியில் குடாவ நுழைவாயில் வழியாக இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டுக்குப் போகிறோம். குரல் கேட்கும், பறவை தென்படாது என்றே எல்லோரும் சொல்கிறார்கள். குரலைப் பதிவு செய்து ஒலிக்கவிடலாமா? 400 எம்.எம். லென்ஸ் போதுமா?

ஈரக்காடு: ஒலிக்கவிடவே வேண்டாம். ஜோடியாக எல்லை காக்கும் பறவை. பதில் கொடுக்கும், ஆனால் புதருக்குள்ளேயே சுற்றிவந்து உங்கள் முதுகுப் பக்கம் நின்று கூவும். கூடு கட்டும் நேரமென்றால் பாவம் அதற்கு வீண் அலைச்சல்.

குரல் மூன்று அசைச் சீழ்க்கை. ஒவ்வொரு முறையும் சுதி ஏறி, கடைசியில் சட்டென்று தொடங்கிய இடத்துக்கே இறங்கும். குரல் வந்த திசைக்கு நடந்தால் காரியம் கெட்டது, சருகுச் சத்தமே உங்களைக் காட்டிக்கொடுக்கும். 1970களில் மரம் வெட்டப் போட்ட பழைய வண்டிப்பாதையில், வளைவுக்குச் சற்று முன்னால் அசையாமல் நில்லுங்கள். பாதையைக் கடக்கும்போதுதான் உடல் முழுதும் தெரியும்.

சருகுச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேளுங்கள். இரண்டு மூன்று கீறல், நிசப்தம், மறுபடி கீறல் என்றால் கோழியினம். இடைவிடாத சலசலப்போடு கூச்சலும் சேர்ந்தால் சிலம்பன் (கூட்டமாகத் திரியும் சிறு பறவை) கூட்டம். பல இனப் பறவைகள் சேர்ந்த கலப்புக் கூட்டம் தலைக்குமேல் போகும்போது எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள், கீழே போவது தப்பிவிடும். உங்களில் ஒருவராவது தரையைப் பார்க்கட்டும்.

தூவல்: குடாவ பக்கம் வீட்டுத் தோட்டத்தில் தானியத்துக்கு வருவதும் உண்டு. இப்போது வருகிறதா என்று வழிகாட்டியிடம் முந்தின மாலையே கேட்டுவிடுங்கள். விடியுமுன் மறைவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே 400 தாராளம், சில சமயம் மிக அருகில் வந்து ஃபோகஸ் கிடைக்காது. லென்ஸ் ஃபோகஸ் செய்யும் குறைந்தபட்சத் தூரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் வெளிச்சம் குறைவு: ஷட்டர் வேகம் 1/125 நொடி, ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்திறன்) 3200க்குக் குறையாமல். ஃபிளாஷ் கூடாது.

அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்க அதற்கென்றே உள்ள அட்டைக் காலுறை போதும். டீட் (பூச்சிவிரட்டி மருந்து) கலந்த பூச்சு கையில் ஒட்டியிருந்தால் பைனாகுலரின் பிளாஸ்டிக் பாகம் உருகும்.

குறிஞ்சிமுகில்: நன்றி அண்ணா. பெட்டையைக் காட்டுக்கோழிப் பெட்டையோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டா?

ஈரக்காடு: உண்டு. காலைப் பாருங்கள். சுண்டங்கோழிக்குச் சேவல், பெட்டை இரண்டுக்கும் கால் சிவப்பு, கண்ணைச் சுற்றியும் சிவப்புத் தோல். பெட்டை வரியில்லாத செம்பழுப்பு. காட்டுக்கோழிப் பெட்டைக்கு இறக்கையில் தெளிவான வரிகள் இருக்கும். சேவலில் சந்தேகமே வராது: கருப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகள், வயிற்றுப் பக்கம் வெள்ளைச் செதில்.