ஐப்பசியில் ஏற்காட்டில் திருமணம்: மழைக்கு என்ன ஏற்பாடு?

கேள்வி (அஸ்தம்பட்டியிலிருந்து): என் தங்கையின் திருமணம் ஐப்பசியில், ஏற்காட்டில், திறந்தவெளியில் நடக்கவிருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் வீட்டுப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். முகூர்த்தத் தேதியை மாற்றாமல் சமாளிக்க என்ன செய்யலாம்?

முதல் பதில்: துணிப்பந்தலை நம்பாதீர்கள், ஐயா. நடுவில் தண்ணீர் தேங்கி, தொட்டில் போலத் தொங்கி, சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் கொட்டும். எங்கள் வீட்டில் கொட்டியது. சரிவான தகரப்பந்தல் போட்டு, சுற்றிலும் வாய்க்கால் வெட்டச் சொல்லுங்கள். தகரத்தில் மழை விழும் இரைச்சலில் மந்திரம் காதில் விழாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் பதில்: தவில்காரரை மறந்துவிடாதீர்கள். ஈரக்காற்றில் தோல் தளர்ந்து நாதம் மங்கிவிடும் என்பதால், சமையற்கட்டுக்கு அருகே அவருக்கு உலர்ந்த இடமாகக் கொடுங்கள். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மூடுபனியில் வண்டி ஊர்ந்துதான் போகும். அதிகாலை முகூர்த்தமென்றால், உறவினர்களை முந்தைய நாள் வெளிச்சம் இருக்கும்போதே மேலே அழைத்துச் சென்று தங்கவைத்துவிடுங்கள்.

கேட்டவர்: இருவருக்கும் நன்றி. தகரப்பந்தலுக்கே சொல்லிவிட்டேன். தங்கையோ, சிறுவயதில் பச்சரிசி தின்றதற்குக் கல்யாணத்தன்று மழை பெய்யத்தானே வேண்டும் என்று சிரிக்கிறாள். வாசலில் வைக்க 50 குடைகளும் வாங்கச் சொல்லியிருக்கிறாள்.