பொருள்: பூச்சியின் உறையைத் துளைக்கும் நொதிக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பூச்சிகளைத் தாக்கும் பூஞ்சைகளைப் பற்றி மாணவர்களுக்காக ஒரு நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'கியூட்டிக்கிள் டிகிரேடிங் என்சைம்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. 'புறத்தோல் சிதைப்பு நொதி' என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு சொற்களுமே உறுத்துகின்றன.

மனிதருக்கும் இலைக்கும் 'புறத்தோல்' என்றால் அது செல்களால் ஆனது. பூச்சியின் மேலே இருப்பதோ செல்களே இல்லாத உறை: வெளியே மெழுகு, உள்ளே புரதத்தில் பதிந்த கைட்டின் என்ற உறுதியான சர்க்கரைச்சங்கிலிப் பொருளின் இழைகள். செல்கள் அதற்கும் அடியில்தான் இருக்கின்றன.

'சிதைப்பு' இன்னும் தவறு. செத்த உடல் சிதையும், குப்பை சிதையும். இங்கே பூச்சி உயிரோடு இருக்கும்போதே வேலை நடக்கிறது. போன மழைக்காலத்தில் எங்கள் தென்னந்தோப்பின் எருக்குழியைக் கிளறியபோது ஒரு காண்டாமிருக வண்டின் புழு கிடைத்தது. பூச்சிகளைத் தாக்கும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சையை இட்ட குழி அது. புழுவின் விலாவில் மிளகளவில் சில பழுப்புப் புள்ளிகள். பூஞ்சை துளைக்கும் இடத்தில் பூச்சியின் உடல் எதிர்த்து நிற்கும் தடம் அது. தொட்டதும் நெளிந்தது. ஈர எருவோடு டப்பாவில் வைத்தேன். சில நாளில் உடல் விறைத்தது, மடிப்புகளில் வெண்பூசணம் கிளம்பியது, பிறகு அது கரும்பச்சையாக மாறியது. 1879இல் உயிரியலாளர் மெச்னிகோவ் கோதுமை வண்டில் கண்டு எழுதியதும் இந்தப் பூஞ்சையைத்தான்.

என் முன்மொழிவு: 'சட்டையரி நொதி'. பாம்பு சட்டை உரிக்கிறது என்கிறோம். பூச்சியும் அப்படித்தான் உரிக்கிறது. கறையான் மரத்தை அரிக்கிறது, துரு இரும்பை அரிக்கிறது. மேலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதற்கு 'அரி'யைவிட நல்ல வினை எனக்குத் தெரியவில்லை.

---

> சட்டையரி நொதி

ஐயா, வணக்கம்.

'சட்டை'க்கு என் முழு ஆதரவு. பூஞ்சை துளைத்து முடிக்கும் முன் பூச்சி தோலுரித்துவிட்டால், ஒட்டியிருந்த வித்துகளும் (பூஞ்சை பரவும் நுண்துகள்கள்) பழைய சட்டையோடு கழன்றுவிடும். அந்த உண்மை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் ஒரே சொல் எல்லா இடத்துக்கும் போதாது. கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ், எஸ்டர்களை உடைக்கும் எஸ்டரேஸ், புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ் போன்ற நொதிகள் வித்து முளைப்பதற்கு முன்பே அதன் மேற்பரப்பில் இருக்கின்றன. காய்ந்த வித்து நீரை விலக்கும். பூச்சியின் மெழுகும் நீரை விலக்கும். அதனால் தொட்டவுடன் வித்து பற்றிக்கொள்கிறது. அதன்பின் இந்த நொதிகள் மேற்பரப்பைத் தளர்த்திப் பிடிப்பை இறுக்கவும் முளைப்புக்கு உணவு கிடைக்கவும் உதவுகின்றன. இவை இன்னும் உள்ளே துளைக்கவில்லை. ஆகவே இவற்றை 'வித்துமேல் நொதி' என்று தனியாகச் சொல்லலாம்.

இன்னொரு வேண்டுகோள்: 'ஒட்டுநொதி' என்ற சொல்லை நூலில் எங்கும் விடாதீர்கள். மெட்டாரைசியம் பூச்சியின் மேல் ஒட்ட உதவும் 'மேட் 1' வெறும் புரதம், நொதி அல்ல. செடியின் மேல் ஒட்டுவதற்கு அதனிடம் 'மேட் 2' என்று வேறொன்று இருக்கிறது. இரண்டையும் 'ஒட்டுப்புரதம்' என்பதே சரி.

---

அன்புள்ள அம்மா,

மிக்க நன்றி. ஒட்டுவதையும் அரிப்பதையும் நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். 'வித்துமேல் நொதி', 'ஒட்டுப்புரதம்' இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

'அரி'யை வைத்துக்கொண்டால் ஒரு வசதியும் உண்டு. கைட்டின் புரதத்துக்குள் புதைந்திருப்பதால், வித்திலிருந்து நீளும் முளைக்குழாயின் நுனி தடித்து அழுத்தும் இடத்தில் புரோட்டியேஸ்தான் முந்திக்கொள்கிறது. கைட்டினை உடைக்கும் கைட்டினேஸ் பிந்தி வருகிறது. 'மெழுகரி, புரதமரி, கைட்டினரி' என்று வரிசையாகச் சொன்னால் மாணவர் அந்த வரிசையை மறக்கமாட்டார். லிப்பேஸ், கைட்டினேஸ் என்ற பெயர்களும் பக்கத்திலேயே இருக்கும்.

நூலின் வரியை இப்படித் திருத்தியிருக்கிறேன்: "வித்து பூச்சியின் சட்டையில் ஒட்டுப்புரதத்தால் பற்றுகிறது, வித்துமேல் நொதிகள் பிடிப்பை இறுக்குகின்றன, முளைத்தபின் சுரக்கும் சட்டையரி நொதிகள் வழி திறக்கின்றன." 'பற்றுகிறது' என்பதா, 'பற்றிக்கொள்கிறது' என்பதா? அது ஒன்றுதான் பாக்கி.