அந்தச் சாப்பாட்டு மேசை: 'டெக்சாஸ் செயின்சா மாசக்கர்' திகில் படம் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பின்வரிசை:
பார்த்து மூன்று வாரமாகிறது, அந்தத் தாத்தா இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. கதை உங்களுக்குத் தெரியும்: ஊர் சுற்றப் போன இளைஞர்கள், ஆளைக் கொல்லும் ஒரு குடும்பத்திடம் மாட்டிக்கொள்கிறார்கள். நேராகச் சாப்பாட்டு மேசைக்கே வருகிறேன். உயிரோடு மிஞ்சிய சாலி என்ற பெண்ணின் தலையைத் தொட்டிக்கு மேல் பிடித்து அழுத்துகிறார்கள். மாடு வெட்டும் கறிக்கூடத்தில் கெட்டிக்காரராக இருந்தவராம் அந்தக் குடும்பத்துத் தாத்தா. அந்தப் பெருமையில் சுத்தியலை அவர் கையில் திணிக்கிறார்கள். விரல்கள் பிடிக்கவில்லை, நழுவி விழுகிறது. எடுத்துக் கொடுக்கிறார்கள், மறுபடி விழுகிறது. செயின்சா தூக்கி வரும் ரம்பக்காரனைப் பார்த்துக்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை. எங்கள் வீட்டில் தாத்தாவுக்குக் கை நடுங்கும். நல்ல நாளில் அந்தக் கையை நாங்களே பிடித்துத்தான் திருநீறு பூசிக்கொள்வோம். அதே பாசத்தை அங்கே பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

ஷட்டர்சத்தம்:
எனக்குக் கதவு. அந்த இளைஞர்களில் ஒருவனான கிர்க் அவர்கள் வீட்டுக்குள்ளே போகிறான், சுத்தியல் அடி, கால் உதறுகிறது, இரும்புக் கதவு படாரென்று சாத்தப்படுகிறது. சில நொடிதான். எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு கடை. ராத்திரி பத்து மணிக்கு ஷட்டர் இறங்கும்போதெல்லாம் தோள் தானாகக் குறுகுகிறது. உண்மையில் நடந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்களே, அதனால்தானோ என்னவோ.

பழையரீல்:
ஷட்டர்சத்தம், அது உண்மைச் சம்பவம் இல்லை. தயவுசெய்து அப்படிப் பரப்பாதீர்கள். 1957இல் விஸ்கான்சினில் பிடிபட்ட எட் கீன் என்பவன்தான் தூண்டுதல். அவன் தனியாக வாழ்ந்தவன். குடும்பமும் இல்லை, செயின்சாவும் இல்லை. கல்லறைகளைத் தோண்டியதும் மனிதத் தோலில் முகமூடி செய்ததும் மட்டும்தான் அவனிடமிருந்து படத்துக்கு வந்தவை. டெக்சாஸ், கறிக்கூடம், வேலை போன குடும்பம் எல்லாம் இயக்குநர் டோபி ஹூப்பர் குழுவின் கற்பனை. என்னை உறுத்துவது வேறு. 1973 கோடையில் அந்த விருந்துக் காட்சியை ஒரு நாளுக்கும் மேலாக விடாமல் எடுத்தார்கள். ஜன்னலை மூடி, விளக்குச் சூட்டில், மேசையில் இருந்த இறைச்சி அழுகி நாறியிருக்கிறது. சாலியின் விரலைக் கீறுகிறார்களே, பொய் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதால் சாலியாக நடித்த மேரிலின் பர்ன்ஸின் விரலை நிஜமாகவே கீறிவிட்டார்கள். இதைப் படித்தபிறகு அந்த அலறலை என்னால் நடிப்பாகக் கேட்க முடியவில்லை.

வெயில்நேரம்:
நான் பாதியில் நிறுத்திவிட்டேன். சாலியின் சகோதரன் ஃபிராங்க்ளினின் சக்கர நாற்காலி இருட்டுப் புதருக்குள் திணறும் இடம். புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பகலில் பாருங்கள். ஹெட்போன் வேண்டாம், பயத்தில் பாதி அந்தக் கரகர ஒலியில்தான் இருக்கிறது. பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சிரிக்கிறவராக இருக்க வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்காராதீர்கள். ரத்தம் அதிகம் இருக்கும் என்று எண்ணித் தவிர்க்கவும் வேண்டாம், காட்டுவது மிகக் குறைவு. படம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். என்னைப் போலப் பாதியில் விட்டால் மீதியை மனசே ஓட்டும், அது இன்னும் மோசம். அப்புறம் உடனே படுக்காமல் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.

பின்வரிசை:
நன்றி, ஆனால் நான்தான் பார்த்து முடித்துவிட்டேனே. தாத்தாவாக நடித்த ஜான் டூகனுக்கு அப்போது இருபது வயதுதானாம், நேற்றுதான் தெரிந்தது. அது தெரிந்தும் பயம் குறையவில்லை. சுத்தியல் எத்தனை தடவை விழுகிறது என்று யாராவது எண்ணினீர்களா? இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், இரண்டு முறையும் அங்கே கண்ணை மூடிவிட்டேன்.