பரணில் ராக்கூன்: மே மாதத்தில் ஓட்டையை அடைக்கலாமா?

பரண்வாசி:
கூரை ஓரத்துப் பலகையைப் பெயர்த்துக்கொண்டு ராக்கூன் (கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையுள்ள வட அமெரிக்க விலங்கு) ஒன்று பரணுக்குள் போய் வருகிறது. பகலிலும் நடமாடுகிறது. வெறிநோய் (ரேபிஸ்) பிடித்திருக்குமோ? கூண்டு வைத்துப் பிடித்து ஊருக்கு வெளியே விடுவதா, வெளியே போன நேரம் பார்த்து ஓட்டையை அடைப்பதா?

ஆணிப்பெட்டி:
இரண்டும் வேண்டாம். மே மாதம் என்றால் உள்ளே குட்டிகள் இருக்கின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள். தாயை வெளியே விட்டு அடைத்தால், வேறொரு பக்கம் கூரையைப் பிய்த்து உள்ளே வரும். வர முடியாவிட்டால் குட்டிகள் செத்து வீடே நாறும். பிடித்து வேறிடத்தில் விடுவது பல இடங்களில் சட்டப்படி குற்றம்.

பால் கொடுக்கும் தாய் பகலிலும் இரை தேடும், அது வெறி அல்ல. தள்ளாடினால், பின்னங்காலை இழுத்தால் கிட்டே போகாமல் விலங்குக் கட்டுப்பாட்டுத் துறையைக் கூப்பிடுங்கள்.

குட்டிகள் இருக்கும் இடத்தருகே விளக்கும், பேச்சு நிகழ்ச்சி ஓடும் ரேடியோவும் இரவுபகலாக இருக்கட்டும். தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வேறு பொந்துக்கு மாற்றிவிடும். சில நாள் பிடிக்கும், அவசரப்படாதீர்கள். பிறகு ஓட்டையில் செய்தித்தாளைக் கசக்கித் தளர்வாகச் செருகுங்கள். மூன்று இரவு அது கலையாவிட்டால், டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டு மூடலாம். அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த இரும்பு வலைதான் வேண்டும், கோழிவலையைக் கிழித்துவிடும். ஓட்டையைச் சுற்றி ஓரடி கூடுதலாக விட்டு, வாஷர் போட்டு ஸ்க்ரூ முடுக்குங்கள். ஸ்டேபிள் பின் அடித்தால் விரலாலேயே நெம்பிவிடும். விரட்ட அந்துருண்டை போடுவது வீண்செலவு.

கையுறை:
எச்சத்தை மறந்துவிட்டீர்களே! ராக்கூன்கள் ஒரே இடத்தில் குவிக்கும். அதில் உருளைப்புழு முட்டை இருக்கலாம். மனிதருக்குள் போனால் புழு மூளை, கண் வரை ஏறும். முட்டை தொற்றும் நிலைக்கு வர 2 முதல் 4 வாரம் ஆகும் என்பதால் உடனுக்குடன் அள்ளுங்கள். கையுறை, என்95 முகமூடி, லேசாகத் தண்ணீர் தெளிப்பு. காய்ந்ததைப் பெருக்கினால் தூசியோடு மூக்கில் ஏறும். பிளீச்சிங் முட்டையைக் கொல்லாது. கொதிக்கும் தண்ணீர் கொல்லும். பரணில் அதை ஊற்ற முடியாது, எச்சம் பட்ட வெப்பத்தடுப்புப் பஞ்சை அப்படியே பையில் கட்டி எடுத்துவிடுங்கள்.

பரண்வாசி:
சரி, ரேடியோ வைக்கிறேன். வீட்டுக்கு வெளியே உள்ள மரத்தளத்துக்கு அடியிலும் தோண்டுகிறதே?

ஆணிப்பெட்டி:
அதே வலைதான். ஓரடி ஆழம் புதைத்து, அடிப்பாகத்தை வெளிப்பக்கமாக ஓரடி மடக்குங்கள். சுவரை ஒட்டித் தோண்டுகிற பழக்கம் அதற்கு. வலை தட்டியதும் பின்னால் நகர்ந்து தோண்டத் தோன்றாது. குப்பைத் தொட்டியைக் குப்பை எடுக்கும் நாள் காலையில் மட்டும் வெளியே வையுங்கள், முந்தின இரவு வேண்டாம்.