புதுப்பிப்பு: அம்மாவும் டவுன் பஸ் படியும்

போன மாதம் எழுதியிருந்தேன்: கடலூர் மஞ்சக்குப்பத்தில் 74 வயது அம்மா ஏறி முடிப்பதற்குள் பஸ் நகர்ந்து, கம்பியில் தோள் இடித்துக்கொண்டார் என்று. வீக்கம் வடிந்துவிட்டது. விசாரித்த எல்லோருக்கும் நன்றி.

நேற்று மறுபடி திருப்பாதிரிப்புலியூர் வரை கூட்டிப்போனேன். முதல் படியே அம்மாவின் முழங்கால் உயரம். இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து வைத்துத்தான் ஏறுகிறார். அந்தப் பதிவைப் படித்துவிட்டு நீங்கள் சொன்னபடி கண்டக்டரிடம் முன்கூட்டியே, "அம்மா ஏறுறாங்க, கொஞ்சம் நிக்கட்டும்ணே" என்றேன். விசிலைக் கையிலேயே வைத்திருந்தார். அம்மா உட்காரும்வரை ஊதவில்லை. அந்த அரை நிமிடம்தான் கேட்கிறோம்.

2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சரி, ஏற முடிந்தால்தானே! எங்கள் தடத்துக்குத் தாழ்தளப் பேருந்து கேட்டு மனு எழுதிவிட்டேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறேன்.