சி.எஸ்.இ. படித்தால் இன்ஜினியர் என்ற நினைப்பு எப்போது வரும்?

மூன்றாமாண்டு_மாணவன்:
அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் சி.எஸ்.இ., அதாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் படிக்கிறேன். முதல் வருடத்திலிருந்தே காதில் விழுவது பிளேஸ்மென்ட் ஒன்றுதான். ஆப்டிட்யூட் வகுப்புக்கு டை கட்டாமல் போனால் திட்டு, லேபில் என்ன செய்தாய் என்று கேட்க ஆளில்லை. சிவில் படிக்கும் நண்பன் சர்வே கேம்ப் போய் வந்ததிலிருந்து தன்னை இன்ஜினியர் என்கிறான், எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. உங்களுக்கு எப்போது வந்தது?

ஓஎம்ஆர்_வாசி:
வேலைக்குப் போன பிறகுதான் தம்பி. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது, புரோகிராமை மனப்பாடம் பண்ணுவது, அவுட்புட் வந்ததும் கையெழுத்து வாங்குவது, இதுதான் எங்கள் லேப். புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து ஃபைனல் இயர் புராஜெக்ட் வாங்கியவர்களும் உண்டு. ஓடினால் போதும், ஏன் ஓடுகிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை என்ற புத்தி ஆபீஸ் வரை கூடவே வருகிறது. நாம் எழுதிய புரோகிராமை டீமில் மற்றவர்கள் படித்துப் பார்க்கும் கோட் ரிவ்யூ முதல்முறை நடந்தபோது, "இந்த வேரியபிளுக்கு ஏன் டெம்ப்2 என்று பெயர்?" என்று கேட்டார்கள். நான் எழுதுவதை இன்னொருவர் படிப்பார் என்பதே அப்போதுதான் உறைத்தது.

சாக்பீஸ்:
பழியெல்லாம் வாத்தியார்கள் எங்கள் தலையிலா? அட்மிஷனுக்கு வரும் பெற்றோர் முதலில் கேட்பதே எத்தனை பேருக்கு வேலை, என்ன சம்பளம் என்றுதான். ஒழுக்கவியலுக்குத் தனித்தாளே இருக்கிறது, முந்தின நாள் ராத்திரி படித்துப் பாஸாகிவிடுகிறீர்கள். கம்ப்யூட்டர் துறையினரின் சர்வதேச சங்கமான ஏசிஎம் 2018இல் புதுப்பித்த நெறிமுறை பொதுநலன்தான் முதலில் என்கிறது, அதை டேட்டாபேஸ் லேபிலேயே கேட்கலாமே: இந்த மாணவர் டேபிளில் சாதி எதற்கு, ஃபோன் நம்பரை யாரெல்லாம் பார்க்கலாம்? நான் கேட்பதுண்டு. பாதிப் பேர் "சிலபஸில் இருக்கா சார்?" என்பார்கள். மீதிப் பேர் உட்கார்ந்து டேபிளை மாற்றுவார்கள், அவர்களுக்காகத்தான் கேட்கிறேன்.

குளிர்தேசத்தான்:
கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1957இல் தொடங்கியதிலிருந்தே கோ-ஆப் முறை உண்டு. பெரும்பாலும் நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் சம்பளத்தோடு வேலை என்று மாறி மாறி வரும். பட்டம் வாங்கும் முன்பே தாங்கள் எழுதிய கோடு உடைந்தால் யார் திட்டுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்காக அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைக்காதே, எந்தக் கம்பெனியில் கோ-ஆப் கிடைத்தது என்பதை வைத்து ஆளை எடைபோடுவது அங்கும் உண்டு. நீ ஹாஸ்டலில் நாலு பேர் தினமும் பயன்படுத்தும் மாதிரி ஏதாவது எழுதிக் கொடு. தப்பாகக் கணக்குக் காட்டினால் ரூம் கதவைத் தட்டுவார்கள் பார்.

மூன்றாமாண்டு_மாணவன்:
மெஸ் கணக்கு இன்னும் நோட்டில்தான் ஓடுகிறது. செகரட்டரி அண்ணனிடம் கேட்டுப் பார்க்கிறேன். சாக்பீஸ் சார், அதில் ஃபோன் நம்பர் வேண்டாம்தானே?