407 கிராங்க் புல்லி போல்ட் அசையவே மாட்டேங்குது, செல்ஃப் அடிச்சு கழட்டலாமா?

மினிலாரி_சேலம்:
வணக்கம் அண்ணன்மாரே. அப்பா காலத்துலருந்து ஓடுற பழைய டாடா 407, 497 இஞ்சின், 2956 சிசி. இஞ்சின் இன்னும் நல்லாத்தான் இழுக்குது, ஆனா முன்பக்க கிராங்க் ஆயில் சீல் போயி ஆயில் தெறிச்சு ஃபேன் பெல்ட் பூரா நனைஞ்சு வழுக்குது, சார்ஜும் சரியா ஏறல. சீல் மாத்தணும்னா கிராங்க் முன்முனையில பெல்ட் ஓடுற சக்கரம், அந்த புல்லி வெளிய வரணும், நடு போல்ட் மசியவே மாட்டேங்குது.
ரேடியேட்டர், ஃபேன் எல்லாம் இறக்கியாச்சு. டாப் கியர் போட்டு தம்பி பிரேக்கை மிதிச்சுக்கிட்டு நான் பைப் மாட்டி தொங்குனா வண்டிதான் ஆடுது, கிராங்கும் கூடவே கொஞ்சம் சுத்துது, போல்ட் அப்படியே இருக்கு. ரிங் ஸ்பேனர் போட்டு இழுத்ததுல தலையோட முனை லேசா மழுங்க ஆரம்பிச்சிருச்சு. எங்க ஊர் மெக்கானிக் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடிச்சா ஒரே நொடியில லூஸ் ஆயிடும்ங்கிறாரு. எனக்கு அது சரியா படல. இது வலது மரையா இடது மரையா, காய்ச்சலாமா, யாராவது சொல்லுங்க. லோடு வேற காத்துக்கிட்டு இருக்கு.

பட்டறைவாசி:
தம்பி முதல்ல அந்த ரிங் ஸ்பேனரை தூக்கி ஓரமா வைங்க. அது பன்னெண்டு முனை, முனையிலதான் பிடிக்கும், இன்னும் ரெண்டு இழு இழுத்தா தலை உருண்டையா போயிடும். ஆறு முனை இம்பாக்ட் சாக்கெட், அந்த கறுப்பு கலர்ல கனமா வருமே அது, முக்கால் இஞ்ச் ஸ்கொயர்ல வாங்குங்க. தலையில இருக்கற பெயிண்ட் துரு எல்லாம் கம்பி பிரஷ்ல தேய்ச்சு எடுத்துட்டு சாக்கெட் அடி வரைக்கும் உக்காருதான்னு பாருங்க, பாதி உக்காந்த சாக்கெட்டும் தலையை தின்னும்.
வலது மரைதான். முன்னாடி நின்னு பார்த்தா இஞ்சின் கடிகாரம் சுத்துற பக்கம் சுத்துது, நீங்க கழட்ட வேண்டியது அதுக்கு எதிர்ப்பக்கம்.
கியர் போட்டு பிடிக்கிறது ஏன் வேலைக்கு ஆகலைன்னா, உங்க பலம் போல்ட்டுக்கு போறதுக்கு முன்னாடி கிளட்ச், கியர்பாக்ஸ், புரப்பலர் ஷாஃப்ட் கிராஸ், கிரவுன், டயர் ரப்பர்னு ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் தின்னுடுது. அதனாலதான் வண்டி ஆடுது. கிராங்க் பின்முனையில இருக்கற கனமான சக்கரம், அந்த பிளைவீலை பிடிங்க. செல்ஃப் மோட்டாரை கழட்டிட்டா அந்த ஓட்டைல பிளைவீலை சுத்தி இருக்கற ரிங் கியர் பல்லு தெரியும். பழைய ரிங் கியர் துண்டு ஒண்ணு, மூணு நாலு பல்லு இருந்தா போதும், ஒரு பட்டையில வெல்டு பண்ணி செல்ஃப் போல்ட் ஓட்டையிலயே மாட்டிடுங்க. ஸ்க்ரூ டிரைவரை சொருகி பிடிக்கிற வேலை மட்டும் வேணாம், மொத்த பாரமும் ஒரே பல்லு மேல விழுந்து உடையும், அப்புறம் கியர்பாக்ஸ் இறக்கணும்.

நாமக்கல்_டிரைவர்:
பட்டறைவாசி அண்ணன் சொல்றது சரிதான் ஆனா ரோட்டுல நின்னா ரிங் கியர் துண்டுக்கு எங்க போறது. நாங்க எல்லாம் செல்ஃப் அடிச்சுதான் கழட்டியிருக்கோம். சாக்கெட்டு கம்பியை முன்னாடி நின்னு பார்த்தா நம்ம வலது கை பக்கம், அதாவது கிளீனர் பக்க சேஸிஸ் மேல அணைச்சு வச்சுட்டு, ஸ்டாப் வயரை (டீசலை நிறுத்தி இஞ்சினை அணைக்கிற வயர்) நல்லா இழுத்து கட்டிட்டு, நியூட்ரல்ல ஒரு தட்டு தட்டுனா போதும். கிராங்க் சுத்தும், கம்பி சேஸிஸ்ல தடுத்துக்கும், போல்ட் லூஸ் ஆயிடும்.

பட்டறைவாசி:
@நாமக்கல்_டிரைவர் நடக்கும்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா டீசல் இஞ்சின், ஸ்டாப் வயர் சரியா இழுக்காம ஒரு சிலிண்டர் பத்திக்கிச்சுன்னா அந்தக் கம்பி எங்க பறக்கும்னு யாருக்கும் தெரியாது. கம்பியை தப்பான பக்கம் வச்சா சுத்தி வந்து அடிக்கும். தம்பி வண்டி பட்டறையில நிக்குது, ரோட்டுல இல்ல. இவருக்கு எதுக்கு இந்த ரிஸ்க்கு.

டயர்கடை:
யாருமே சொல்லல, பக்கத்துல லாரி டயர் கடை இருந்தா ஒரு இஞ்ச் ஏர் கன் இருக்கும், அதை வாடகைக்கு கேளுங்க. ரேடியேட்டர் இறக்கிட்டீங்கன்னா கன்னுக்கு இடம் தாராளமா இருக்கு. கன்னுல நல்லது என்னன்னா அது இழுக்கிறது இல்ல, தட்டுது, ஒவ்வொரு தட்டுக்கும் துரு விரியும், கிராங்கையும் பெருசா பிடிக்க வேண்டியதில்ல. ஆனா நிறைய பேர் பண்றது, சின்ன கம்ப்ரஸர்ல மெல்லிசு ஹோஸை மாட்டிட்டு கன்னு வேலை செய்யலைம்பாங்க. ஹோஸ் உள் அளவு அரை இஞ்சாவது இருக்கணும், நடுவுல நீளமான எக்ஸ்டென்ஷன் போடாதீங்க, தட்டுற வேகம் பூரா அதுலயே செத்துடும். முதல்ல ஒரு செகண்ட் டைட் பக்கம் தட்டிட்டு அப்புறம் லூஸ் பக்கம் போடுங்க.

லேத்_மணி:
காய்ச்சறதைப் பத்தி கேட்டீங்களே. காய்ச்சலாம், ஆனா புல்லியை இல்ல, போல்ட் தலையை மட்டும். அதிர்வு குறைக்க ரப்பர் வச்ச டாம்பர் புல்லியா இருந்தா கேஸை அந்தப் பக்கமே கொண்டு போகாதீங்க. சின்ன நாசில், தலை நடுவுல மட்டும். சீல் எப்படியும் மாத்தப் போறீங்க, அது வெந்தா பரவாயில்ல, ஆனா ஆயில் கசிஞ்ச இடம், நல்லா துடைச்சுட்டு பக்கத்துல மண்ணு வாளி வச்சுக்கிட்டு பண்ணுங்க. WD-40 அடிச்ச ஈரத்தோட நெருப்பு காட்டாதீங்க. முன்னாடி எவனாவது சிவப்பு லாக்டைட் (மரை கழராம பிடிக்கிற பசை) போட்டிருந்தா எண்ணெய் எத்தனை ஊத்தினாலும் ஊறாது, 250 டிகிரி பக்கம் போனாதான் இளகும். காய்ச்சி முடிச்சு சூடு கொஞ்சம் இறங்கறப்ப மெழுகுவர்த்தியை தலை ஓரத்துல வச்சா உருகி உள்ள இழுக்கும்.
இன்னொண்ணு, சம்மட்டியால போல்ட் தலையில ஓங்கி அடிக்கிறவங்க இருக்காங்க, அந்த அடி நேரா கிராங்க் முன்பின்னா நகராம தடுக்கிற த்ரஸ்ட் வாஷர் மேலதான் போய் விழும். பித்தளை சுத்தியல்ல நாலு தட்டு போதும்.
தலை முழுசா மழுங்கிட்டா பெரிய நட்டு ஒண்ணை மேல வச்சு உள்ள வெல்டு பண்ணிடலாம், அந்த சூடே பாதி வேலையை முடிச்சிரும். அப்ப பேட்டரி ஒயரை கழட்டிடுங்க, எர்த் கிளாம்ப்பை சேஸிஸ்ல மாட்டாம புல்லியிலயே மாட்டுங்க. இல்லைன்னா கரண்ட் மெயின் பேரிங் வழியா போயி பேரிங்ல பொட்டு பொட்டா விழுந்துடும். இதை வெல்டர்கிட்ட நாமளே சொல்லணும், அவர் கேக்க மாட்டார்.

மினிலாரி_சேலம்:
வந்துருச்சு!! எல்லாருக்கும் கோடி நன்றி. பைபாஸ்ல ஒரு டயர் கடைக்காரர் கன்னோட வந்தார், சும்மா தட்டுனதுல ஒண்ணும் ஆகல. அப்புறம் லேத்_மணி அண்ணன் சொன்ன மாதிரி தலையை மட்டும் காய்ச்சி மெழுகு விட்டு கொஞ்ச நேரம் விட்டுட்டு மறுபடி தட்டுனோம், முதல்ல டர்ர்னு ஒரே சத்தமா இருந்துச்சு, திடீர்னு சத்தம் மாறி போல்ட் சுத்த ஆரம்பிச்சிருச்சு. மரையில காஞ்ச சிவப்பு பொடி ஒட்டியிருக்கு, யாரோ லாக்டைட் போட்டிருக்காங்க போல.
இப்ப புல்லி வரல :( மூணு கால் புல்லர் போட்டு வெளி விளிம்பை இழுக்கலாமா?

பட்டறைவாசி:
விளிம்பை இழுக்காதீங்க, வார்ப்பிரும்பு, பெல்ட் காடி ஓரம் துண்டா உடைஞ்சிடும். புல்லி முகத்துல மரை வச்ச ஓட்டை இருந்தா அதுல போல்ட் போட்டு பட்டை புல்லர் மாட்டி இழுங்க, ஓட்டை இல்லைன்னா காலை நடு ஹப்புக்கு பின்னாடி கொடுங்க. புல்லர் ஸ்க்ரூ கிராங்க் மரையை குத்தாம நடுவுல ஒரு தடி வாஷரோ பழைய போல்ட் தலையோ வைங்க. புல்லியை கிராங்கோட பூட்டுற சின்ன இரும்புத் துண்டு, அந்த கீ கீழ விழும், பார்த்து எடுத்து வைங்க.

லேத்_மணி:
புல்லி வந்ததும் சீல் உரசுற இடத்துல நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டுற அளவுக்கு காடி விழுந்திருந்தா புது சீல் போட்டாலும் சீக்கிரமே கசியும். அந்த இடத்து மேல மெல்லிசு ஸ்லீவ் (உலோக வளையம்) ஏத்தலாம், இல்லைன்னா சீலை ரெண்டு மில்லி உள்ள தள்ளி உக்கார வைக்க இடம் இருந்தா வைங்க, உதடு புது இடத்துல உரசும். திருப்பி மாட்டறப்ப புது போல்ட், மேனுவல்ல போட்டிருக்கற டார்க் (இறுக்குற அளவு), டார்க் ரெஞ்சு. கன்னை வச்சு டைட் பண்ணிட்டு போயிடாதீங்க, அடுத்து கழட்டுறவன் உங்களைத்தான் திட்டுவான்.

மினிலாரி_சேலம்:
நகம் மாட்டுது அண்ணே. ஸ்லீவ்க்கு அளவெடுக்க லேத்துக்கு கிளம்பிட்டேன்.